லியோனார்டின் மடக்குக்கத்தி

இராயபுரத்தில் கத்திக்கு இரண்டே வேலைதான் என்று நினைக்கிறார்கள். ஒன்று மீன் அரிவது, இன்னொன்று ஆளைக் குத்துவது. கத்தியைக் கையில் வைத்துப் பார்த்து ரசிக்கிற மனிதர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால், சொன்னவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். பெயர் சவரிநாதன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

நாங்கள் மூன்று பேர். நான், துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிற லியோனார்ட், தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த நீலமேகம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து நானும் லியோனார்டும் வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் நீலமேகம் பெஞ்சைப் பிடித்து வைத்திருப்பான். கைக்குட்டையை விரித்து அவரவர் கத்தியை அதில் வைப்போம். டீக்கடைக்காரர் எங்களுக்கு வைத்த பெயர் கசாப்புக் கம்பெனி. "இன்னா, கம்பெனி தொறந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் டீயை வைப்பார்.

எங்களுக்குப் பிடித்தது ஒரே ஒரு வகை மடக்குக்கத்தி. கப்பல்காரர்கள் அதை ஜாக் என்பார்கள். பிடியின் ஒரே முனையில் இரண்டு அலகு, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. முனைக்கு ஒன்றாக அலகு வைத்த கத்தி வேறு ஜாதி, அதை நோட்டுப் புத்தகக் கடையிலேயே வாங்கலாம், நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஒரே முனையில் இரண்டை வைப்பதில்தான் வேலைக்காரனின் கை தெரியும். ஒன்றோடு ஒன்று உரசாமல் இரண்டும் தங்கள் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். திறக்கும்போது பாதியில் ஒருமுறை நின்று, பிறகு சொடக்குப் போட்ட மாதிரி நிமிர வேண்டும். அந்தச் சத்தத்துக்காக நாங்கள் டீ ஆறுவதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருப்போம். பைத்தியம் என்று என் மனைவி ஃப்ளோரா சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் மூவரிடமும் இருந்ததில் லியோனார்டின் கத்திக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. இங்கிலீஷ் கப்பல் ஒன்றின் சமையல்காரன் ஊருக்குக் கடைசியாகத் திரும்பும்போது கொடுத்தது. காப்பி நிறத்தில் எலும்புப் பிடி, தலையில் வெள்ளைப் பூண். எனக்கு அதன்மேல் ஐந்து வருஷ ஆசை. ஒருவர் கத்தியை இன்னொருவர் ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது துடைத்து, தீட்டி, எண்ணெய் போட்டுக் கொடுக்க வேண்டும். லியோனார்ட் மட்டும் தன்னுடையதைத் தரவே மாட்டான். அறுபத்தெட்டாம் வருஷம் மாம்பழ சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, என் கையில் வைத்தான்.

"ஒரு வாரம் மாமு. அத்தோட சரி. பத்ரமா பாத்துக்க."

அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். சனிக்கிழமை ஃப்ளோரா தங்கையின் பிரசவத்துக்கு எண்ணூர் போய்விட்டாள். வேலை முடிந்து நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து, கத்தியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மண்ணெண்ணெயில் கழுவினேன். தீக்குச்சியில் துணி சுற்றி, இரண்டு அலகுக்கும் நடுவில் இருந்த புகையிலைத் தூளை எடுத்தேன். சாணைக்கல்லில் நிதானமாகத் தீட்டினேன். ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். முடித்துத் தலை நிமிர்ந்தபோது கோயில் மணி ஏழு அடித்தது. மறுநாள் பூசை முடிந்ததும் டீக்கடையில் நீலமேகம் பார்க்கத் திருப்பிக் கொடுத்தேன். லியோனார்ட் திறந்து பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது" என்று என் முதுகில் தட்டினான்.

அன்று மூன்று மணிக்குப் போலீஸ் அவன் வீட்டுக்குப் போனது.

துறைமுகத்தில் எத்திராஜ் என்று ஒரு மேஸ்திரி. வெள்ளிக்கிழமை அவனுக்கும் லியோனார்டுக்கும் பெரிய சண்டை. "ஒன்ன கிழிக்காம வுட மாட்டேன்" என்று இருபது பேர் கேட்க லியோனார்ட் கத்தியிருக்கிறான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குச் சந்தில் எத்திராஜ் நெஞ்சில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். அந்த நேரத்தில் லியோனார்ட் எங்கே இருந்தான் என்று கேட்டால், கடற்கரை மணலில் தனியாகப் படுத்திருந்தேன் என்றான். அவன் அப்படிப் படுக்கிறவன்தான். ஆனால் மணல் வந்து சாட்சி சொல்லாது. அவன் சட்டைப்பையிலிருந்து போலீஸ் எடுத்த கத்தியோ மண்ணெண்ணெய் வாசனையோடு, புதிதாகத் தீட்டி, எண்ணெய் போட்டு இருந்தது. காயத்தின் அகலமும் பெரிய அலகின் அகலமும் பொருந்தின.

சேதி தெரிந்த உடனே ஸ்டேஷனுக்கு ஓடினேன். கத்தி சனிக்கிழமை முழுக்க என் வீட்டில் இருந்தது, துடைத்தவன் நான் என்றேன். எதற்கு இரவல் வாங்கினாய் என்று கேட்டார்கள். பார்ப்பதற்கு என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நீலமேகத்திடம் போய், நான் கத்தியைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தவன் நீ, வந்து சொல் என்று கெஞ்சினேன். அவன் அதற்குள் தன் கத்திகளையெல்லாம் கோணியில் சுற்றிக் கடலில் எறிந்திருந்தான். "எனக்குக் கத்தியும் தெரியாது, உங்க ரெண்டு பேரையும் தெரியாது. பேஜார் பண்ணாத, போய்டு" என்று பட்டறைக் கதவைச் சாத்தினான்.

ஆகவே லியோனார்டுக்கு மிஞ்சியது நான் ஒருத்தன்தான்.

எங்கள் வக்கீல் கெட்டிக்காரர். நான் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "உங்க பேச்ச மட்டும் வச்சு ஜெயிக்க முடியாது, நீங்க அவருக்கு சிநேகிதர். நம்ம பலம் வேற. இது மடக்குக்கத்தி. நிமிர்த்தி நிறுத்தப் பூட்டு எதுவும் கிடையாது. நெஞ்செலும்புல இடிக்கிற மாதிரி குத்தினா மடங்கிக் குத்தினவன் விரலைத்தான் வெட்டும். லியோனார்ட் கையில ஒரு கீறல் இல்ல. இத நான் பாத்துக்கறேன். கத்தி உங்ககிட்ட இருந்துச்சுன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இறங்கிடுங்க."

சரி என்று தலையாட்டினேன்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சர்க்கார் வக்கீல் எழுந்து, சாட்சி மேஜையிலிருந்து கத்தியை எடுத்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"இந்தப் பேனாக்கத்தியப் பாத்துக்கிட்டு ஒரு வாரம் உக்காந்திருந்தீங்களா? சந்தையில எட்டணாவுக்குக் கிடைக்குமே. தொளதொளன்னு ஆடுது."

எனக்குச் சுருக்கென்றது. "ஆடாது சார்" என்றேன்.

"ஆடுதே. இரும்பும் மட்டம்தான் போல."

"கொடுங்க சார் இங்க" என்று கையை நீட்டிவிட்டேன். ஜட்ஜ் தலையசைத்தார். கத்தி என் கைக்கு வந்தது.

பல மாதம் கழித்து அதைத் தொட்டேன். அலகின் பள்ளத்தில் நகத்தை வைத்துத் திறந்தேன். கோர்ட்டில் எல்லோருக்கும் கேட்டது அந்தச் சத்தம். அதற்குப் பிறகு என் நாக்கு என்னிடம் இல்லை. ஒரே முனையில் இரண்டு அலகு வைப்பது எவ்வளவு கஷ்டம் என்றேன். ஸ்பிரிங்கைத் தடவிக் காட்டினேன். பின்னால் சிலர் சிரித்தார்கள், அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. சர்க்கார் வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க ஃபிட்டர், இரும்பு தெரிஞ்சவரு. இவ்வளவு உசத்தின்னு சொல்றீங்க. ஆனா குத்தினா சட்டுனு மடங்கிடும்னு உங்க தரப்பு வக்கீல் சொல்றாரே? அப்ப இது சொத்தைதானே?"

"மத்த கத்தி மடங்கும் சார். இது மடங்காது. எதுல இடிச்சாலும் மடங்காது."

அது பொய். எந்த ஜாக் கத்தியும் மடங்கும், இதுவும் மடங்கும், எனக்கு அது நன்றாகத் தெரியும். அதைச் சொத்தை என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொன்ன மறு நிமிஷம் எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் லியோனார்டைப் பார்த்தேன். குற்றவாளிக் கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ஜட்ஜும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுள் தண்டனை. தீர்ப்பில் என் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. கத்தி என் வீட்டில் இருந்ததாக நான் சொன்னது சிநேகிதனைக் காப்பாற்றச் சொன்ன கதை, ஏற்பதற்கில்லை. கத்தி மடங்காது என்று நான் சொன்னது தொழில் தெரிந்தவரின் வாக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சியே ஒப்புக்கொண்டது. நான் சொன்ன உண்மையைத் தள்ளிவிட்டு, சொன்ன ஒரே பொய்யை எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அன்றைக்கே என்னையும் பிடித்து உள்ளே போட்டிருக்கலாம்.

லியோனார்டை வேனில் ஏற்றினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மனைவி ஐரீன் கோர்ட் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். போகாமல் இருக்க முடியவில்லை, போனேன்.

"நீ அந்தக் கத்திய புகழ்ந்தப்போ அவரு சிரிச்சாரு அண்ணே" என்றாள். "ரெண்டு புள்ள பெத்துக் குடுத்தேன். அப்பகூட அப்டி சிரிச்சதில்ல."

"மன்னிச்சிடு ஐரீன்."

"அத்த வுடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. சனிக்கெழம அந்தக் கத்தி நெஜமாவே உன் வூட்லதான் இருந்துச்சா?"

"மாதா மேல சத்தியமா என் வூட்லதான் இருந்துச்சு."

அவள் வலது கையை நீட்டி விரித்தாள். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் குறுக்காக ஒரு தழும்பு, ஆழமாக, வெளுத்துப்போய்.

"போன வருசம் மாங்கா அறுக்கறப்போ இதே கத்தி மடங்கிச்சு. நாலு தையலு. வக்கீல்கிட்ட காட்னேன். பொண்டாட்டி சொன்னா எடுபடாதும்மா, சவரி ஃபிட்டரு, அவரு மடங்கறதப் பத்தி வாயத் தொறக்காம இருந்தாலே போதும்னாரு." கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "மடங்காதுன்னும் நீ சத்தியம் பண்ணிட்டுதானே சொன்ன? இப்ப நான் எந்தச் சத்தியத்த நம்பறது?"

அந்தக் கத்தி குத்தவில்லை என்று இந்த ஊரில் சொல்ல இருப்பவன் நான் ஒருத்தன்தான், என்னை நம்ப இனி ஒருத்தரும் இல்லை. இராயபுரம் போகிற பஸ் வந்தது. ஐரீன் ஏறிக்கொண்டாள். எனக்கும் அதே பஸ்தான், நான் ஏறவில்லை.