யார் காரென்று தெரியாத தேடல்

கொரியாவின் வொன்ஜூ நகரில் தள்ளுவண்டியில் தொக்போக்கி என்ற காரமான அரிசிக்கேக் விற்கும் ஒக்பூன் அக்காவை இடித்துவிட்டு ஒரு லாரி நிற்காமல் போய்விட்டது. மறுநாள் காலை அந்த வழியாகப் போயிருந்த தோங்வூக்கின் கார்த்திரையில் போலீஸிடமிருந்து செய்தி வந்தது: "உங்கள் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் காட்சியை மட்டும் தருவீர்களா?"

கொடுத்தால் அவன் குட்டு உடைந்துவிடும். அலுவலகம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு நேற்று மீன்பிடிக்கப் போயிருந்தான். கார் கேமராக்களில் இப்படித் தேடும் மென்பொருளை எழுதிய நண்பன் சங்ஹ்யோனைக் கூப்பிட்டான்.

"டேய், பூட்டி வச்ச படத்துல எப்படிடா தேடுனீங்க? என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிடுமா?"

"பூட்டைத் திறக்காமலே அந்த லாரியோட ஒத்துப்போகுதான்னு பாக்குற கணக்குடா. யார் வண்டின்னு எனக்கே தெரியாது. இப்ப நீயா வந்து ஒளறுற!"

தோங்வூக் திரையில் 'சம்மதம்' என்பதைத் தொட்டான்.

மாலையில் மனைவி சொன்னாள்: "லாரிக்காரனப் பிடிச்சிட்டாங்களாம். எந்தப் புண்ணியவானோ படம் குடுத்தானாம்."

"யாரா இருக்கும்?" என்றபடி அவன் சூப்பை உறிஞ்சினான்.