அத்தர் தடவிய வேட்டைப் பை

நஜிமுதீன் பாய் வாழ்நாளில் கொசுவைத் தவிர எதையும் வேட்டையாடியதில்லை. அவருக்குத்தான் அமெரிக்க மலைக்காடுகளில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு முதுகுப்பை தைக்கும் வாய்ப்பு வந்தது. தாராவியில் எங்கள் சந்துக்குள்தான் அவருடைய தோல் பட்டறை. தையலுக்குப் பூலோகம் என்கிற ஒரே ஆள்தான். இந்த ஆர்டரும் கைநழுவினால் பட்டறையை மூடிவிட்டு, தாணேயில் மச்சினன் சிராஜின் செருப்புக் கடையில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். சிராஜ் உதவாதவன் அல்ல. ஊரெல்லாம் சொல்லிவிட்டு உதவுகிறவன்.

பாயின் மனைவி நஜ்முன்னிசாவுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தம்பி முன்னால நீங்க கைகட்டி நிக்கதுக்குப் பதிலா, நானே மிஷின்ல உக்காந்து தைப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

சாம்பிள் பை கேட்ட அமெரிக்கக்காரர், தானும் வேட்டைக்காரர் என்பதால், வீடியோ காலில் பாடம் எடுத்தார். மகள் நுஸ்ரத் தமிழில் சொன்னாள். எல்க் என்பது எருமை அளவு மான். காது பொல்லாதது, பையின் பக்கிள் கிணுகிணுத்தாலே ஓடிவிடும். மூக்கு அதைவிடப் பொல்லாதது. காற்று நம் முகத்தில் அடிக்கிற பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். சுட்ட பிறகுதான் நிஜமான வேலை. அவ்வளவு கறியையும் கூறுபோட்டு, பாதையில்லாத மலையில் பல நடை சுமந்து இறங்க வேண்டும். பையில் தோல் வாசனை பரவாயில்லை, சோப்பு வாசனைகூட ஆகாது. இத்தனையும் கேட்ட பூலோகம், பக்கத்தில் கறிக்கடையே கிடையாதா என்று மட்டும் கேட்டார்.

சாம்பிள் தயாரானதும் சோதனை. பைக்குள் அரிசி மூட்டையை இறக்கி, சாயங்கால நெரிசலில் சயான் ஸ்டேஷன் பாலத்தில் பூலோகம் ஏறி இறங்கினார். பைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்தது சத்தச் சோதனை. எதிர்வீட்டு ஆடு நிழலைக் கண்டாலே துள்ளும். பூலோகம் விரலை எச்சில் பண்ணிக் காற்றுப் பார்த்தார். எங்கள் சந்தில் காற்று என்று ஒன்று வந்தால் அது கழிப்பறைப் பக்கமிருந்துதான் வரும். பையை மாட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றுக்கு எதிராகவே ஊர்ந்தார். வாலைத் தொடும்வரை ஆடு திரும்பவில்லை. சந்தே கைதட்டியது.

மறுநாள் கூரியர்காரன் பையை எடுத்துக்கொண்டு போனான். அப்புறம்தான் நஜ்முன்னிசா, வழக்கம்போல பிஸ்மி சொல்லி அத்தர் தடவித்தான் அனுப்பியிருக்கிறேன் என்றார். அந்தப் பட்டறையில் எந்த ஆர்டரின் முதல் உருப்படியும் உள்மடிப்பில் அத்தர் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. அமெரிக்கக்காரர் எல்க்கின் மூக்கைப் பற்றிப் பேசியபோது நஜ்முன்னிசா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஒரு சொட்டுதான?"

"பெரிய ஆர்டராச்சேன்னு பாட்டிலையே கவுத்துட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் நுஸ்ரத். சொன்னால் அவர் பார்சலைப் பிரிக்கக்கூட மாட்டார் என்று பாய் தடுத்துவிட்டார். அதற்குள் சிராஜ் தினமும் போன் செய்து, கல்லாவுக்குப் பக்கத்திலேயே மச்சானுக்கு ஸ்டூல் போட்டாயிற்று என்று சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொரு போனுக்கும் பாய் கூனிக் குறுகினார்.

வேட்டைக் காலம் முடிந்து அமெரிக்கக்காரரிடமிருந்து செய்தி வந்தது. பை அருமை, சத்தமே இல்லை என்று எழுதியிருந்தார். மலைக்காற்றில் அத்தர் வாசனை போய்விடும் என்று நம்பி எடுத்துப்போனாராம். காற்று ஒரே ஒருமுறை திரும்பியதாம். எல்க் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மலைக்கே போய்விட்டதாம். பாய் எழுந்து சட்டையை மாட்டினார், தாணே லோக்கல் ரயிலைப் பிடிக்க.

"இருங்க வாப்பா, இன்னும் இருக்கு" என்றாள் நுஸ்ரத்.

அமெரிக்கக்காரர் வீடு திரும்பியதும் அவர் மனைவி பையை மோந்து பார்த்துத் தோளில் மாட்டியவர்தானாம், திருப்பித் தரவே இல்லை. தோழிகளும் கேட்கிறார்களாம். வேட்டைக்காரர்களுக்கு வாசனையில்லாமல் ஒரு பங்கும், அவர்களுடைய மனைவிமாருக்கு வாசனையோடு இரண்டு பங்கும் உடனே வேண்டுமாம்.

பாய் சட்டையோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். நஜ்முன்னிசா அழவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, சந்துக்கே கேட்கும்படி வாசலில் வந்து நின்றார்.

"சிராஜு, மச்சான் வர மாட்டாக. எங்களுக்குத்தான் ஆள் பத்தல. அந்த ஸ்டூலத் தூக்கிட்டு நீ வா."