நாடி பார்த்த வகுப்பு

வகுப்பில் நின்று நடத்துபவர் பெரிய டீச்சர். வேறோர் ஊரில், படுக்கையறை மூலையில் கணினி முன் உட்கார்ந்து, அதே வகுப்புக்குத் திரைவழி அறிவியல் சொல்லித் தருபவள் சின்ன டீச்சர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் அக்கா, தங்கை என்றே பழக்கம். நடுவில் ஒரு செயற்கை நுண்ணறிவு. பாடத்தை விட்டு விலகிப் பேசினால் திரையில் இருப்பவளின் ஒலியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும். அக்கா அதற்கு வைத்த பெயர் மாமியார்.

அன்று இரத்த ஓட்டம். பலகையில் இதயம் வரைந்து முடித்த அக்கா, தள்ளாடி மேஜைக்குப் பின்னால் சரிந்தார். பிள்ளைகள் தலைகுனிந்து படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். வகுப்பின் மூலையில் இருந்த கேமரா வழியே சின்ன டீச்சர் மட்டும்தான் பார்த்தாள்.

"ஐயோ, அக்கா விழுந்துட்டாங்க! யாராவது ஓடுங்க!"

'ஐயோ' என்பதோடு ஒலி நின்றது; மீதி வகுப்புக்குக் கேட்கவில்லை. 'பாடத்துக்குத் தொடர்பில்லாத பேச்சு' என்று திரையில் எழுத்து ஓடியது. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. ஒலி திரும்பியதும் மறுபடி கத்தினாள். மறுபடி நின்றது.

அடுத்த முறை ஒலி வந்தபோது, பாடம் நடத்தும் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"பசங்களா, இதயத் துடிப்பை மணிக்கட்டுலயே பார்க்கலாம். முன் வரிசை எல்லாரும் மேஜைக்குப் பின்னாடி போய் டீச்சரோட நாடியைப் பாருங்க."

ஒலி நிற்கவில்லை.

வாயாடி என்று பேர் வாங்கிய சிறுமி முதலில் போனாள். "மிஸ், நாடி இருக்கு! ஆனா டீச்சர் கண்ணே தொறக்கல!" என்று அலறியபடி வெளியே ஓடினாள்.

ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். அக்காவுக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. மருத்துவமனையில் அக்கா கண்விழித்துவிட்டார்.

மாலையில் சின்ன டீச்சர் திரைவழி வகுப்புகளின் ஒருங்கிணைப்பாளரைப் போனில் அழைத்தாள். "சார், அந்த ஒலி நிறுத்துறதை எடுத்துடுங்க. ஒருநாள் உயிரே போயிடும்."

"எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. எல்லா ஸ்கூலுக்கும் ஒரே செட்டிங். நீங்கதான் அழகா சமாளிச்சுட்டீங்களே! மாணவர் பங்கேற்பு பிரமாதம்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலையை விட்டுவிடப் போவதாக அக்காவிடம் போனில் சொன்னாள்.

"விட்டுட்டு எங்க போவ? எல்லா இடத்துலயும் இதே கதைதான்." அக்காவின் குரல் இன்னும் தெளியவில்லை. "நீயும் போயிட்டா பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? நான் வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

மறுநாள் சின்ன டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். அக்காவுக்குப் பதிலாகப் பள்ளி யாரையும் வகுப்புக்கு அனுப்பவில்லை. பெரியவர்கள் யாருமில்லாத அறையிலிருந்து பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போக மனம் வரவில்லை. நுரையீரல் பாடத்தை ஆரம்பித்தாள்.