மலிவான ஸ்கோப்

சுனாமியில் மனைவி செல்லம்மாள் போனபின் இருசப்பனுக்கு மிஞ்சியது அவள் வளர்த்த வெள்ளாடுதான். உப்பளத்து நாய்கள் அதையே சுற்றின. கண் மங்கிய கிழவர், தன் ஏர் கன் என்ற காற்றுத் துப்பாக்கியில் மாட்ட, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கப் புதுச்சேரி போனார்.

“உங்க ஏர் கன்னு ஸ்பிரிங்ல சுடுறது, முன்னும் பின்னும் உதைக்கும் பெரியவரே. மலிவு ஸ்கோப்பு அதைத் தாங்காது, குறி விலகிடும்,” என்றான் கடைக்காரன்.

“மருந்தே இல்லாத துப்பாக்கி உதைக்குதாம்! யாருகிட்ட காது குத்துற?” என்று மலிவானதையே வாங்கினார்.

ஓலைத்தட்டியில் கரிப்புள்ளி வைத்து நெடுநேரம் சுட்டுப் பழகினார். முதலில் குண்டுகள் புள்ளியிலேயே விழுந்தன. பிறகு விலகியதற்குத் தன் கையைத் திட்டிக்கொண்டார்.

மறுநாள் செவலை நாய் ஒன்று ஆட்டின் காலைக் கவ்வியது. நாயின் தொடையைப் பார்த்துச் சுட்டார். நாய் ஓடிவிட்டது. ஆட்டின் கண்ணில் ரத்தம் வழிந்தது.

அவர் அலறிய குரல் கேட்டதும் ஆடு தடுமாறி வந்து அவர் காலில் உரசி நின்றது.

“எங்கிட்ட வராதடி,” என்றார்.