கரண்டுக்கு மரியாதை

அணு உலையிலிருந்து மின்சாரம் வரும் நாட்களில் தையல்காரியின் வீட்டில் யாருக்கும் நிழல் விழாது. காற்றாலையிலிருந்து வந்தால் ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் திரைச்சீலை ஆடும், வெட்டி வைத்த துணி கட்டிலுக்கடியில் போய் விழும். சூரிய மின்சாரத்தில் ஈரத்துணி கூடத்திலேயே காயும். ஆனால் ஆபீஸ் போகிறவர்களைப் போல அது சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். அனல் நிலையத்து மின்சாரம் என்றால் தலையணையில் சாம்பல் படியும். அந்த நாட்களில் அவள் கறுப்பு, நீலத் துணிகளை மட்டும் மோட்டாரில் தைத்தாள். மற்ற வீடுகளில் எல்லாமே வெறும் கரண்ட்தான்.

இது அவள் கணவர் இறந்த மறுவாரம் தொடங்கியது. அனல் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் கொதிகலன் பார்த்தவர், நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தார். முதல் சாம்பல் நாளில் மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் அதற்குள்ளிருந்து அவருடைய இருமல் கேட்டது: குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு ஒரு கனைப்பு. அன்று முதல் சாம்பல் படியும்போதெல்லாம் மதில் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம், "வந்துட்டாரு" என்பாள்.

"கரண்டுக்கெல்லாம் மரியாதையாக்கா? எங்க வீட்டுல 'வந்துச்சு'ன்னுதான் சொல்றோம்" என்பாள் அவள். அதே கொதிகலனில் வேலை பார்த்து, இப்போது ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்த அவள் புருஷன் சிரிப்பான். சிரிப்பு இருமலில் முடியும். கொஞ்ச நேரம் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருமல் கேட்கும்.

ஐந்து வருடம் கழித்து, எந்த நிலையத்தை மூடலாம் என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வந்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற வீடு அது ஒன்றுதான் என்பதால் பதினோரு நாள் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். காற்று பற்றிய பக்கம் பறந்துபோனதால் அறிக்கையில் அது கடைசிவரை காலியாகவே இருந்தது. நிழல்கள் எங்கே போகின்றன என்று அணு உலைக்குக் கடிதம் போட்டார்கள்; ஈயப் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன, சில ஆயிரம் வருடங்களில் திருப்பித் தரப்படும் என்று பதில் வந்தது. நிலக்கரி மட்டும்தான் கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறது, பாதியில் போவதில்லை என்று, காலரில் படிந்த சாம்பலைத் தட்டிக்கொண்டே மூவரும் எழுதினார்கள்.

கடைசி நாள் அவளையும் கேட்டார்கள். மதிலுக்கு அப்பால் ஆக்சிஜன் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நிலக்கரியை நிறுத்திடுங்க" என்றாள். "அதுல ஆளுங்க இருமுறாங்க."

அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள். அனல் நிலையத்தை மூட இரண்டு வருடம் ஆனது. கடைசி நாளில் அவள் இன்வெர்ட்டர் பாட்டரியைக் காலி செய்து, அந்தக் கரண்டையே முழுக்க ஏற்றி, வயரைப் பிடுங்கி வைத்தாள். அதன் பிறகு கரண்ட் போனால் காலால் மிதித்துத் தைத்தாள். தாங்க முடியாத நாட்களில் மட்டும் பாட்டரியில் இரண்டு நிமிடம் விசிறி போடுவாள். அவ்வளவு நாள் சார்ஜ் நிற்காது என்றார் எலக்ட்ரீஷியன். நான்கு வருடம் நின்றது.

நான்காம் வருட மழையில் ஒரு வாரம் சூரியன் இல்லை. புயல் வேகத்துக்குப் பயந்து காற்றாலைகளை நிறுத்தியிருந்தார்கள், அணு உலை பழுதுபார்ப்பில் இருந்தது. மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு பாட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்து, ஆக்சிஜன் மெஷின் கத்தத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி தையல்காரியின் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த இன்வெர்ட்டர்..." என்று ஆரம்பித்து, அதற்குள் இருப்பது யார் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

தையல்காரி தானே வயரை மதில் தாண்டி இழுத்துக் கொடுத்தாள். மூன்று மணி நேரம் மெஷின் ஓடியது, ஒவ்வொரு மூச்சிலும் அந்த இருமலோடு. படுத்திருந்தவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஷிப்ட் மாத்த வந்துட்டான்போல" என்றான். இருமல் மெலிந்து, கனைப்பாகி, நின்றது. நின்ற அதே நொடியில் ஊர்க் கரண்ட் வந்தது. நடுவில் ஒரு மூச்சுகூடத் தவறவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வயரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"போயிட்டாருக்கா" என்றாள்.

பதினோரு வருடமாக யார் சொல்லியும் ஏற்காத அந்தச் சொல்லுக்குத் தையல்காரி தலையசைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது; திரைச்சீலை ஆடத் தொடங்கியது. "காத்து வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் துணி பறக்காமல் கத்தரிக்கோலை மேலே வைத்து, மோட்டாரைப் போட்டாள்.