சிவப்புக் கோடு போட்ட கிளாஸ்

மாரீஸ்வரியின் வலது தோள் கழன்று கையோடு வந்துவிடும்போல் வலித்தது. புருஷன் சுடலைக்கண்ணனின் தலையை அதில்தான் தாங்கியிருந்தாள். எதிரே குந்தியிருந்த இரண்டு பேர் அவனுக்குப் புதுச் சட்டை மாட்டப் படாத பாடு பட்டார்கள். நோயில் கிடந்தவனை ராத்திரியெல்லாம் புரட்டிப் போட்ட தோள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போன பிறகும் அதற்கு ஓய்வில்லை.

"கைய மடக்காதீக. நீட்டிப் பிடிங்க," என்றாள். அழாமல் சொன்னதால் வாசலில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

தாராவியின் அந்தச் சந்தில் ஒருவன் குடை விரித்தால் எதிரே வருகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பாடை உள்ளே நுழையாமல் தண்ணீர் டிரம்மின் மேல் சாய்ந்து கிடந்தது.

"வேட்டிய நல்லாத் தொளதொளன்னு கட்டுங்கடே. வீக்கம் வெளிய தெரியாண்டாம்," என்றாள் சுடலைக்கண்ணனின் அத்தை சொர்ணம்மாள். மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. சந்து முழுக்கக் கேட்டது.

அந்த வீக்கம்தான் சந்தின் பேச்சு. விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி, விரை வீங்கிக் காலை அகட்டி நடக்கிற நடை. பிள்ளையும் இல்லை. போகக் கூடாத இடத்துக்குப் போய் வாங்கி வந்த சீக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடை செல்லப்பாண்டி அவனுக்கென்று தனி கிளாஸ் வைத்தான். மற்றதோடு கலந்துவிடாமலிருக்க அதன் அடியில் நகப்பாலிஷால் சிவப்புக் கோடு. சுடலைக்கண்ணன் அதில்தான் குடித்தான். "கிளாசுதான வேற, டீ ஒண்ணுதானட்டி," என்பான்.

சீக்கு எங்கிருந்து வந்தது என்று மாரீஸ்வரிக்குத் தெரியும். கொழுந்தன் கணேசபாண்டியனுக்கு அவளுக்கு முன்பே தெரியும்.

அவன் மாட்டு டாக்டர். வைத்தியம் பார்க்கிறவன் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவன். எருமை ஏன் மாதம் நிறையாமல் கன்று வீசுகிறது, வீசியபின் ஏன் சினை பிடிப்பதில்லை என்பது ஆராய்ச்சி. அண்ணன் பால் கறந்தது தபேலா என்கிற எருமைக் கொட்டிலில். அங்கே ஒரு எருமை கன்று வீசினால் தம்பிக்குப் புதையல் கிடைத்த மாதிரி. "நான் வர லேட்டாவும்ணே. கெட்டுப்போறதுக்குள்ள இளங்கொடிய எடுத்து ஐஸ்ல போட்டு வையி," என்று போனில் சொல்வான். அண்ணன் வெறுங்கையை முழங்கைக்கு மேல் எருமைக்குள் விட்டு அந்த நஞ்சுக்கொடியை எடுப்பான். அதைத் தெர்மக்கோல் பெட்டியில் அடைத்து, லோக்கல் டிரெயினில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். தம்பி தோள்வரை உறை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டியைத் திறப்பான். அண்ணனுக்கும் ஒரு உறை கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. கேட்க அண்ணனுக்கும் தோன்றவில்லை.

காய்ச்சல் தொடங்கியபோது தம்பி ஒருமுறை ரத்தம் எடுத்துப் போனான். அதில் என்ன தெரிந்தது என்று சொல்லவே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் மாட்டோடு வேலையா என்று கேட்டு, கன்று வீசும் எருமையிடமிருந்து தொற்றியது என்றாள். முதலிலேயே மருந்து கொடுத்திருந்தால் தேறியிருப்பார், இப்போது இதயத்துக்குப் போய்விட்டது என்றாள்.

மாரீஸ்வரி கொழுந்தன் இருக்கும் செம்பூருக்கே போய்க் கேட்டாள்.

"வெளிய தெரிஞ்சா என் வேலைக்கு ஆபத்து மைனி. ஆராய்ச்சி முடியட்டும். நானே ஆளுக முன்னால சொல்லுதேன்," என்றான்.

ஆராய்ச்சி முடிந்தது. அவனுக்குச் சால்வை போட்டார்கள்.

இப்போது ஈர வேட்டியோடு வந்து அவள் முன்னால் நின்றான். பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி. கொள்ளிச்சட்டி மாரீஸ்வரியின் மடியில் இருந்தது.

"சட்டியக் கொடுங்க மைனி."

"சொல்லிட்டு வாங்கிக்கிடும்."

"இது அதுக்கான நேரமா? பதினாறாம் நாள் எல்லாரும் இருப்பாக. அன்னைக்குச் சொல்லுதேன்."

"அன்னைக்கு அவிய இருக்க மாட்டாவ. இன்னைக்குக் கெடக்காவ."

"எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு மைனி," என்றான் தாழ்ந்த குரலில். அதை அவளிடம் சொன்னான்.

அதற்குள் ஜஹாங்கீர் தூக்குவாளியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். தபேலாவில் சுடலைக்கண்ணனின் கூட்டாளி. "கண்ணன் பாய் கறக்கிற எருமை, பாபி. கறந்ததும் நேரா இங்கதான் வந்தேன்," என்று மாரீஸ்வரி முன்னால் வாளியை வைத்தான். வாய்க்கரிசிக்கு முன்னால் வாயில் பால் விடுவது சுடலைக்கண்ணன் வீட்டு வழக்கம். கொள்ளி வைக்கிறவன்தான் முதலில் கை நனைக்க வேண்டும்.

கணேசபாண்டியன் குனிந்தான். கை வாளியின் விளிம்புவரை போய் நின்றது.

"காய்ச்சின பாலா?"

"எந்த ஊருலல செத்தவனுக்குப் பால் காய்ச்சுதாக?" என்றாள் சொர்ணம்மாள். "சீனி போட்டுத் தரவா, நீ குடிக்கியா?"

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள்.

"ஒரு ஸ்பூன் இருக்குமா?"

"ஸ்பூன் எதுக்குக் கொழுந்தனாரே? கையில ஒட்டிக்கிடுமோ?"

மாரீஸ்வரி உரக்கத்தான் கேட்டாள். ஜஹாங்கீர் தலையைத் திருப்பிக்கொண்டான். கொழுந்தன் சொல்லிவிடுவான் என்று அந்த ஒரு நொடி அவள் நம்பினாள்.

"அண்ணனுக்கு ஹார்ட்ல கோளாறு. அவ்வளவுதான்," என்றான் கணேசபாண்டியன். யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

யாரோ நீட்டிய ஸ்பூனால் சொட்டு விட்டுவிட்டு விலகினான். மாரீஸ்வரி மணிக்கட்டுவரை வெறுங்கையைப் பாலில் முக்கி அள்ளிப் புருஷன் வாயில் விட்டாள். உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது.

மெயின் ரோட்டில் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். "ஏட்டி, வெயில் ஏறுது. பொணத்த வச்சுக்கிட்டா வழக்குப் பேசுவ?" என்றாள் சொர்ணம்மாள். மாரீஸ்வரி அசையவில்லை. பால் வழிந்த உதட்டில் ஈ உட்கார்ந்தது. விரட்டினாள். இரண்டாக வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடியும் வந்தது.

சட்டியை எடுத்து நீட்டினாள்.

பாடை சந்து முனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். செல்லப்பாண்டி கடைக்குள் போனவன் அந்த கிளாஸை எடுத்துக் குப்பை வாளியில் போட்டான். மாரீஸ்வரி போய்க் குனிந்து எடுத்தாள். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சிவப்புக் கோட்டில் நகம் படாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குள் கொண்டுபோய்த் தன் கிளாஸோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஊர் முன்னால் சொல்ல வேண்டிய அந்த ஒரு பேச்சைக் கணேசபாண்டியன் இன்னும் பாக்கி வைத்திருந்தான்.