ஹெல்மா டார்விக்கின் குண்டு போய்ச் சேர்ந்த விதம்

ஹெல்மா டார்விக் சுட்ட குண்டு, அவள் குறிவைத்த எல்க் மானைச் சென்றடைய ஒன்பது ஆண்டுகள் ஆயின. மொன்டானாவில் பேட்ஜர் கூலி என்ற பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் குடியிருந்த எல்லோரும், ஒருமுறையாவது வேலி ஓரம் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சு உயரத்தில், நாளுக்கு நாலு விரற்கடை தூரம், கிழக்கு நோக்கி அது போய்க்கொண்டிருந்தது.

அவள் தோட்டா செய்யக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் கணவன் ராய்ஸ். முந்தைய இலையுதிர் காலத்தில் ராய்ஸ் ஓர் ஆண் எல்க்கைத் தோளில் சுட்டான். மெல்லிய செம்புறை போட்ட, வேகமான குண்டு அது. தோள் எலும்பில் பட்டதும் உள்ளே போகாமல் பொடிப்பொடியாகச் சிதறிவிட்டது. மிருகம் மூன்று காலில் ஓடியது. பனி வந்து ரத்தத் தடத்தை மூடும்வரை இருவரும் அதைத் தேடி அலைந்தார்கள், கிடைக்கவில்லை. அதன்பிறகு ராய்ஸ் துப்பாக்கியைத் தொடவில்லை. சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும். கடைகளிலோ அந்த வருஷம் தயாராக அடைத்த தோட்டா என்பதே கண்ணில் படவில்லை. வெடிமருந்தும் வெற்றுப் பித்தளைக் கூடுகளும் குண்டுகளும் தனித்தனியாக மட்டும் கிடைத்தன. "இந்த வருஷம் நான் சுடறேன். அது ஒரு அடிகூட வலியோட நடக்கக் கூடாது" என்றாள் ஹெல்மா.

மெர்ல் ஹாட்லாக்கின் கடையில் குண்டுப் பெட்டிகளின் முன்னால் அவள் நின்ற நேரத்தில், மற்றவர்கள் வந்து சாமான் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். லேசான குண்டு வேகமாகப் போகும், பாதை அதிகம் வளையாது, ஆனால் எலும்பில் உடையலாம். முழுச் செம்புக் குண்டு உடையவே உடையாது, ஆனால் வேகம் குறைந்தால் விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். கனமான இன்னொன்றில் ஈயத்தையும் செம்பையும் பிரியாதபடி உருக்கி ஒட்டியிருந்தார்கள்.

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டே" என்றார் மெர்ல்.

"அவனைப் பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போயிடலாம் மெர்ல். இது கையை விட்டுப் போச்சுன்னா போனதுதான்."

மெர்லின் சிரிப்பு அடங்கியது. கனமான பெட்டியை அவரே எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "எல்க்குன்னா எலும்பும்மா. உள்ள போனா விரியணும், ஆனா ஒண்ணாவே இருக்கணும். வேகத்தைப் பத்திக் கவலைப்படாதே."

சமையலறை மேசையில் தோட்டா அடைக்கும் பொறியைப் பொருத்தி, கையேட்டைத் திறந்துவைத்து, மருந்தை இரண்டு தடவை நிறுத்துப் போட்டாள். முதல் கூட்டின் வாய்விளிம்பைச் சீவ மறந்ததால் குண்டின் பக்கத்தில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தது. அந்தத் தோட்டாதான் வேட்டைக்குப் போன அன்று காலை துப்பாக்கிக்குள் இருந்தது.

பக்கத்துப் பண்ணைக்காரி ஆர்டித் புரூயிட்டின் புல்வெளியில் ஓர் ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. அதன் இடக்கொம்பில் ஒரு கிளை கீழ்நோக்கி வளைந்திருந்தது. ஹெல்மா விசையை அழுத்தினாள். சத்தம் மலையில் மோதித் திரும்பியது, துப்பாக்கி தோளை உதைத்தது. குண்டு குழாயைவிட்டு வெளியே வந்து, ஒரு சாண் தள்ளி, காற்றில் நின்றது. எல்க் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மந்தையோடு பைன் மரங்களுக்குள் போய்விட்டது.

"மருந்து கம்மியாப் போட்டுட்டியா?" என்றான் பக்கத்தில் இருந்த ராய்ஸ்.

"ரெண்டு தடவை நிறுத்தேன்." குண்டு மிக மெதுவாகச் சுழல்வதை அப்போதுதான் அவள் கண்டாள். அதன் சூட்டில் புல்மேல் இருந்த உறைபனி உருகிச் சொட்டியது.

அந்தக் குளிர்காலம் அக்கம்பக்கத்தார் கொடுத்த மாட்டிறைச்சியில் ஓடியது. குண்டைத் தடுக்க யாராலும் முடியவில்லை. இரும்புப் பலகையை வைத்தால் பலகைதான் நகர்ந்தது. ஆர்டித் சண்டைக்கு வந்தாள். "அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் உன்னை என் நிலத்துல வேட்டையாட விட்டேன். இது பாட்டுக்கு வருஷக்கணக்கா மேயுது!" குண்டு பொருட்படுத்தவில்லை. ஐந்தாம் வருஷம் ஆர்டித் வீம்புக்கென்றே அதன் பாதையில் கன்று ஈனும் கொட்டகை கட்டினாள். குண்டு பலகையைக் கருக்கித் துளைத்து உள்ளே வந்தது. பிப்ரவரிக் குளிரில் விறைத்துப்போன கன்றுகளை அதன் அடியில் கிடத்தினால் எழுந்து நின்று பால் குடித்தன. இரண்டு குளிர்காலம் அவள் ஒரு கன்றையும் இழக்கவில்லை. குண்டு எதிர்ச்சுவர் வழியாக வெளியேறிய அன்று ஆர்டித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹெல்மா தினமும் வருவாள். கீறல் மேலே வந்து கீழே போவதைப் பார்ப்பாள். அது குண்டைப் பாதையிலிருந்து விலக்கிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. ராய்ஸும் கூட வரத் தொடங்கினான். குண்டைப் பற்றிப் பேச வாயைத் திறந்தவன், மெல்ல மற்றதைப் பற்றியும் பேசினான்; மூன்று காலில் ஓடியதைப் பற்றியும்.

ஒன்பதாம் வருஷம் கடும் பனி. ஜனவரியில் ஒரு காலை, விலா எலும்பு தெரிய, பல் தேய்ந்த கிழட்டு எல்க் ஒன்று தனியாகப் புல்வெளிக்கு இறங்கி வந்தது. இடக்கொம்புக் கிளை கீழ்நோக்கி வளைந்திருந்தது. ஆர்டித் தொலைபேசியில் எல்லோரையும் கூப்பிட்டாள். அவர்கள் வேலியோரம் வந்து நின்றபோது, அது பனியைக் காலால் கிளறிப் புல்லைத் தின்றபடி, குண்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது. சூடு பட்டும் விலகவில்லை. தோளுக்குப் பின்னால் ரோமம் லேசாகப் புகைந்தது. தோலைத் தொட்டதும் குண்டுக்கு அதன் வேகம் முழுவதும் திரும்பியது.

எல்க் நின்ற இடத்திலேயே சாய்ந்தது. வாயில் புல் இருந்தது. குண்டு பட்ட பிறகு ஒரே ஒரு கால்தடம்கூடக் கூடுதலாக விழவில்லை.

"ஹெல்மா, ஒரு அடிகூட எடுத்து வைக்கலை" என்றான் ராய்ஸ். அவள் பனியில் முழங்காலிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

வேட்டைக் காலம் முடிந்திருந்ததால் வனக்காவலர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், எல்க்கைப் பார்த்தார், ஹெல்மா நீட்டிய பழைய அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "சுட்டது அந்த வருஷம்தானே? அப்ப சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

கிழட்டு இறைச்சி வறுக்க ஆகாது, அரைத்து சாசேஜ் போடத்தான் சரி என்றாள் ஆர்டித். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மதியத்துக்குள் பனிப்புயல் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ராய்ஸ் கத்தியை எடுத்துக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள்.